மழையில் டோர்ஷவன்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ஜூலையில் வட அட்லாண்டிக் பக்கம் க்ரூஸ் போகிறோம். நான், கணவர், எழுபது வயது மாமியார். ஃபாரோ தீவுகளின் டோர்ஷவன் துறைமுகத்தில் கப்பல் ஒரு பகல் முழுக்க நிற்குமாம். அங்கே எப்போதும் மழை என்கிறார்கள். மழையாக இருந்தால் பேசாமல் கப்பலிலேயே இருந்துவிடலாமா?
வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: வேண்டாம், இறங்கிவிடுங்கள்! மும்பைக்காரர்கள் மழைக்குப் பயப்படலாமா? நமக்கு ஜூலை ஒரு மாதத்திலேயே 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, டோர்ஷவனில் வருடம் முழுக்கச் சேர்த்தால்தான் சுமார் 1,300 வரும். ஆனால் அங்கே பெய்வது காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும் தூறல், அதுவும் ஜூலையிலேயே பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிரில். குடை அந்தக் காற்றுக்கு நிற்காது, கேபினிலேயே விட்டுவிடுங்கள். தலைமூடி வைத்த ரெயின்கோட், அதேபோல ஒரு ரெயின் பேன்ட், உள்ளே தெர்மல், வழுக்காத ஷூ, மாற்று சாக்ஸ், இவ்வளவும் அவசியம். மாமியார் புடவைதான் கட்டுவார் என்றால், அன்று ஒரு நாள் மட்டும் பேன்ட்டுக்குச் சம்மதிக்க வையுங்கள், ஈரப் புடவையோடு அந்தக் குளிரில் நடப்பது கொடுமை.

முதலில் திங்கனெஸ். கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு பாறை முனை, வைக்கிங் காலத்தில் தீவுக்காரர்கள் கூடி வழக்குத் தீர்த்த இடம், இன்றைக்கும் பிரதமர் அலுவலகம் அங்கேதான். சிவப்புச் சாயம் பூசிய மரக் கட்டடங்கள், கூரை முழுக்கப் புல். மழையில் அந்தப் புல்லின் பச்சை இருக்கிறதே, வெயில் நாளில் அது கிடைக்காது என்றே சொல்வேன். கூரை எப்படி ஒழுகாமல் இருக்கிறது என்று மாமியார் கேட்பார்: புல்மண்ணுக்கு அடியில் பிர்ச் மரப்பட்டையை அடுக்கடுக்காக வைப்பது அவர்களுடைய பழைய முறை, தண்ணீரைத் தடுப்பது அந்தப் பட்டை, அந்தக் கூரை புயலில் பறக்காமல் பிடித்துக்கொள்வது மண்ணின் எடை. சந்துகளில் கருங்கல் பாவியிருக்கிறது, ஈரத்தில் வழுக்கும், மாமியார் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தை ஒட்டியே ஸ்கான்சின் கோட்டை, கடற்கொள்ளையரைத் தடுக்க 1580இல் கட்டியது. இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போன பீரங்கிகள் இன்னும் இருக்கின்றன. காற்று பலமாக இருந்தால் விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

மழை வலுத்தால் ஊருக்குள் ஓடும் சிவப்பு பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் இலவசம், சுற்றுலாப் பயணிகளுக்கும் சேர்த்துத்தான். அப்படியே நார்டிக் ஹவுஸ் போய்விடலாம். 1983இல் திறந்த கலை மையம், அதற்கும் புல் கூரைதான். கதகதப்பாக உட்கார்ந்து காபி குடிக்கலாம், மாமியாருக்கும் கால் ஆறும். நீங்கள் சைவம் என்றால் சாப்பாட்டைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், ஆடும் மீனும்தான் அவர்கள் உணவு. காலையில் கப்பலில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள், ஊரில் கேக்கும் காபியும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

கேள்வி: டோர்ஷவனில் இறங்க ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான அந்த ஒரே விசா, போதுமா?
வாசகர், செம்பூர், மும்பை

பதில்: போதாது, நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. ஃபாரோ டென்மார்க் முடியாட்சிக்குள் இருந்தாலும் ஷெங்கனிலும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. விசாவில் ஃபாரோவுக்கும் செல்லும் என்று தனியாகக் குறித்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். கப்பல் நடுவில் பிரிட்டிஷ் துறைமுகம் எதற்காவது போகிறதென்றால் பிரிட்டிஷ் விசா தனி, திரும்ப ஷெங்கனுக்குள் நுழைய ஷெங்கன் விசாவில் மல்ட்டிபிள் என்ட்ரியும் (பலமுறை நுழையும் அனுமதி) வேண்டும். க்ரூஸ் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

கேள்வி: தனியாகச் சுற்றும்போது தாமதமாகிவிட்டால் கப்பல் காத்திருக்குமா?
வாசகி, டோம்பிவிலி

பதில்: காத்திருக்காது. கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால்தான் அந்தக் கவலை இல்லை. கப்பல் கடிகாரமும் ஊர் நேரமும் சில சமயம் ஒன்றாக இருக்காது, இறங்கும்போதே பார்த்துவிடுங்கள். தினமும் கேபினுக்கு வரும் தாளில் துறைமுக ஏஜென்ட்டின் போன் எண் இருக்கும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும்.