போலீஸ் சந்தேகப்பட்டதை வைத்துப் பெற்றோரைக் குற்றவாளி என்று சொல்லலாமா?

கேள்வி: லண்டன் பக்கம் ஹாரோவில் இருக்கிறேன். தமிழில் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். 2007-இல் போர்ச்சுகலில் காணாமல் போன ஆங்கிலேயக் குழந்தை மெடலின் மெக்கேன் பற்றி மூன்று பாகமாக வீடியோ போட்டேன். மூன்றாம் பாகத்தின் தம்ப்நெயிலில் ‘பெற்றோரே செய்தார்கள், ஆதாரம் இதோ’ என்று எழுதியிருந்தேன். போட்டு எட்டு மாதம் ஆகிறது. ‘இது அவதூறு, வழக்கு வரும்’ என்று ஒருவர் இப்போது கமெண்ட் போட்டிருக்கிறார். நான் சொன்னதெல்லாம் போலீஸ் கோப்பில் இருப்பதுதான். விசாரணை நடத்திய அதிகாரியே இதைப் புத்தகமாக எழுதி, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் ஜெயித்திருக்கிறார். அவர் சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா ஐயா?

பதில்: முதலில் மூன்று பாகத்தையும் ஒரு பிரதி எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தம்ப்நெயிலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மூன்றாம் பாகத்தையும் யாரும் பார்க்க முடியாதபடி மாற்றுங்கள். இதைச் செய்துவிட்டு மீதியைப் படித்தால் போதும்.

நீங்கள் அனுப்பிய மூன்று வீடியோவையும் முழுக்கப் பார்த்தேன். உழைத்திருக்கிறீர்கள். 2007 மே 3 இரவு பிரையா டா லூஸ் கிராமத்தில் நடந்ததை முதல் பாகத்தில் தெளிவாகவே சொல்கிறீர்கள். நான்கு வயது நிறைய ஒன்பது நாள் இருந்த ஒரு குழந்தை, பக்கத்தில் தூங்கிய இரட்டைத் தம்பி தங்கை, அதே விடுதி வளாகத்தின் உணவகத்தில் நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பெற்றோர். அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. சிக்கல் மூன்றாம் பாகத்தின் ஏழாவது நிமிடத்தில் வருகிறது. ‘2007 செப்டம்பரில் பெற்றோர் இருவர் மீதும் போர்ச்சுகல் போலீஸ் குற்றம் சாட்டியது’ என்கிறீர்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

நடந்தது இதுதான். செப்டம்பர் 7-ஆம் தேதி அவர்கள் ‘அர்கீடோ’ ஆக்கப்பட்டார்கள். இந்தச் சொல்லுக்கு நேரான சொல் ஆங்கிலேயச் சட்டத்திலும் இல்லை, இந்தியச் சட்டத்திலும் இல்லை. போர்ச்சுகலில் சாட்சியாக விசாரிக்கப்படுபவர் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் அப்படியே சாட்சியாக வைத்துக் கேட்கக் கூடாது. அர்கீடோ என்று அறிவிக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை, பேசாமல் இருக்கும் உரிமை இரண்டும் அவருக்கு வந்துவிடும். சிலர் தாங்களாகவே இந்த நிலையைக் கேட்டுப் பெறுவதும் உண்டு. ஆக, அது சந்தேகத்தின் அடையாளம்தான், ஆனால் அதே சமயம் ஒரு பாதுகாப்பும்கூட. ஆங்கிலப் பத்திரிகைகள் அதைச் ‘சந்தேக நபர்’ என்று எழுதின. நீங்கள் ஒரு படி மேலே போய்க் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ ஆக்கிவிட்டீர்கள். இன்னொன்றும் கவனியுங்கள். ஆதாரத்தோடு கூடிய சந்தேகம் இருந்தால்தான் ஒருவரை அர்கீடோ ஆக்கலாம் என்று போர்ச்சுகல் தன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2007 செப்டம்பர் 15-ஆம் தேதி. இவர்களை அறிவித்தது அதற்கு எட்டு நாள் முன்பு.

‘48 கேள்விக்குத் தாய் ஏன் பதில் சொல்லவில்லை?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். காரணம் இந்த உரிமைதான். அன்றைக்கு அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். சட்டம் கொடுத்த உரிமையை ஒருவர் பயன்படுத்தினார் என்பதைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. நாளைக்கு நீங்களோ நானோ ஒரு ஸ்டேஷனில் உட்கார நேர்ந்தால் நமக்குத் துணை அந்த உரிமைதானே.

அப்புறம் மோப்ப நாய்களும் டிஎன்ஏவும். பிணவாடையையும் ரத்தத்தையும் மோப்பம் பிடிக்கப் பழக்கி, பிரிட்டனிலிருந்து கொண்டுபோன நாய்கள் அந்த வீட்டிலும், குழந்தை காணாமல் போய் மூன்று வாரத்துக்கும் மேல் கழித்துப் பெற்றோர் வாடகைக்கு எடுத்த காரிலும் குறி காட்டியது உண்மை. அங்கே எடுத்த மாதிரிகள் பர்மிங்ஹாம் ஆய்வகத்துக்குப் போனதும் உண்மை. ‘டிஎன்ஏ பொருந்திவிட்டது’ என்று பத்திரிகைகள் அடித்து எழுதின. ஆனால் ஆய்வாளர் சொன்னது வேறு. காரில் கிடைத்த மாதிரியில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் டிஎன்ஏ கலந்திருந்தது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றார். இதுவும் நீங்கள் காட்டும் அதே போலீஸ் கோப்பில்தான் இருக்கிறது. 2008 ஜூலை 21-ஆம் தேதி வழக்கை மூடியபோது, அர்கீடோக்கள் எந்தக் குற்றமும் செய்ததற்குச் சான்று இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னதும் அதே கோப்பில்தான் இருக்கிறது. உங்கள் வீடியோவில் இந்த இரண்டும் இல்லை.

இது ஏன் முக்கியம்? ஒரு அரசு வெளியிட்ட ஆவணத்தை நேர்மையாக, திரிக்காமல் எடுத்துச் சொல்பவருக்கு இங்கிலாந்துச் சட்டம் ஓரளவு பாதுகாப்புக் கொடுக்கிறது. பாதியை வெட்டிவிட்டு மீதியைக் காட்டினால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. ‘நான் சொல்லவில்லை, கோப்பு சொல்கிறது’ என்றாலும் செல்லாது. ஒருவர் சொன்ன அவதூறைத் திரும்பச் சொல்பவர், தானே சொன்னதாகத்தான் இங்குள்ள நீதிமன்றம் பார்க்கும்.

அந்த அதிகாரி விஷயத்துக்கு வருகிறேன். கொன்சாலோ அமரால், பிரிட்டிஷ் போலீஸைக் குறை சொல்லிப் பேட்டி கொடுத்ததால் 2007 அக்டோபரில் விசாரணையிலிருந்து நீக்கப்பட்டவர். அவருடைய புத்தகம் அடுத்த ஆண்டு ஜூலையில், வழக்கு மூடிய சில நாளிலேயே வந்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2015-இல் லிஸ்பன் நீதிமன்றம் அவர்களுக்கு 5 லட்சம் யூரோ கொடுக்கச் சொன்னது. 2016-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது, 2017 ஜனவரியில் போர்ச்சுகல் உச்ச நீதிமன்றமும் ரத்தானது சரி என்றது. அதன் பிறகு பெற்றோர் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே எதிர்த் தரப்பு அமரால் இல்லை, போர்ச்சுகல் அரசு. பெற்றோரின் நற்பெயர், அமராலின் பேச்சுரிமை என்ற இரண்டு உரிமைகளையும் எடைபோட்டதில் போர்ச்சுகல் நீதிமன்றங்கள் மனித உரிமை உடன்படிக்கையை மீறினவா என்பதுதான் கேள்வி. மீறவில்லை என்று 2022 செப்டம்பர் 20-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அவ்வளவுதான். பெற்றோர்தான் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

‘குற்றமற்றவர்கள் என்று நிரூபணமானதால் வழக்கு மூடப்படவில்லை’ என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வரியை நீங்கள் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறீர்கள். போதிய ஆதாரம் இல்லாததால் மூடப்பட்டது என்பதே அதற்குப் பொருள். நிரபராதி என்று சான்றிதழ் வாங்க வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது.

சரி, இங்கே வழக்கு வந்தால் என்ன ஆகும்? அவர்கள் வழக்குப் போடுவார்களா என்பதை நான் ஊகிக்க மாட்டேன். வழக்குக்கு இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2013 அவதூறுச் சட்டப்படி, உங்கள் பேச்சு தங்கள் பெயருக்குக் கடுமையான பாதிப்பை ஏற்படுத்தியது அல்லது ஏற்படுத்தக்கூடியது என்று முதலில் அவர்கள் காட்ட வேண்டும். வீடியோ தமிழில் இருக்கிறது, பார்த்தவர்கள் குறைவு என்று நீங்கள் அந்த இடத்தில் வாதாடலாம். அதைத் தாண்டிவிட்டால் சுமை உங்கள் தலைக்கு வந்துவிடும். சொன்னது உண்மை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இரண்டு நாட்டுப் போலீஸும் இத்தனை ஆண்டுகளில் நிரூபிக்காததை நீங்கள் எதை வைத்து நிரூபிப்பீர்கள்? ‘அது என் கருத்து’ என்று சொல்லவும் வழியில்லை. ‘செய்தார்கள், ஆதாரம் இதோ’ என்பதைப் பார்க்கிறவர் கருத்தாக எடுத்துக்கொள்ள மாட்டார், நடந்த விஷயமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

பெரிய பத்திரிகைகளே இதில் தோற்றிருக்கின்றன. 2008 மார்ச்சில் எக்ஸ்பிரஸ் குழுமம் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, குழந்தையைத் தேடும் நிதிக்கு 5,50,000 பவுண்டு கொடுத்தது. பெற்றோருக்கு முன்பே, மே மாதத்தில், அந்த ஊரில் வசித்த ஒரு ஆங்கிலேயரை அர்கீடோ ஆக்கியிருந்தார்கள். பத்திரிகைகள் அவரையும் கிழித்தன. அவருக்கு எதிராகவும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு 11 பத்திரிகைகள் சேர்ந்து சுமார் 6 லட்சம் பவுண்டு கொடுத்தன. உங்கள் இரண்டாம் பாகத்தில் அவர் படத்தையும் காட்டுகிறீர்கள். அதையும் வெட்டிவிடுங்கள். 2020-இல் ஜெர்மன் போலீஸ் அறிவித்த நபர் விஷயத்திலும் இதே கவனம் தேவை. நான் இதை எழுதும்வரை இந்த வழக்கில் அவர் மேல் குற்றப்பத்திரிகை இல்லை. அதனால்தான் அவர் பெயரை நானும் இங்கே எழுதவில்லை.

பொதுவாக, முதலில் வெளியிட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அவதூறு வழக்குப் போட வேண்டும். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. மீதி நாலு மாதத்தை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் கெடுவை நீட்டலாம். அதே பகுதியை வெட்டி ஷார்ட்ஸாகப் போட்டால், அது புது வெளியீடு என்று வாதாட அவர்களுக்கு வழி கிடைக்கும், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

போலீஸைக் கேள்வி கேட்கவே கூடாதா என்று நீங்கள் நினைக்கலாம். தாராளமாகக் கேளுங்கள். அரசு அமைப்பு அவதூறு வழக்குப் போட முடியாது என்று 1993-லேயே, அப்போது இங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. தனிப்பட்ட அதிகாரி போடலாம், அதனால் ஆளைத் தாக்காமல் வேலையை விமர்சியுங்கள். சொல்வதற்கும் நிறைய இருக்கிறது. முதல் சில மணி நேரம் அந்த வீட்டுக்குள் ஆட்கள் போய்வந்துகொண்டே இருந்தார்கள், தடயங்கள் இருந்திருந்தாலும் கலைந்திருக்கும். விசாரணை ரகசியம் என்று சட்டம் போலீஸின் வாயைக் கட்டியது. அதிகாரபூர்வமாக எதுவும் வராததால், கசிந்த தகவல்தான் செய்தியானது. லண்டன் மாநகரப் போலீஸ் தனியாக மறு ஆய்வு தொடங்க 2011 ஆயிற்று, அதற்குள் நான்கு வருடம் போய்விட்டது. ஒரு குழந்தையைத் தேடும் வேலை எங்கெங்கே கெட்டது என்று இதையெல்லாம் வைத்தே ஒரு நல்ல மூன்றாம் பாகம் எடுக்கலாம். நீங்கள் எடுத்தால் நானே பார்ப்பேன்.

எடுப்பதாக இருந்தால், பேசப் போவதை முழுக்க எழுதி, ஒவ்வொரு தகவலுக்கும் கோப்பில் எந்தப் பக்கம் என்று ஓரத்தில் குறித்து, வெளியிடுவதற்கு முன் அவதூறுச் சட்டம் தெரிந்த சொலிசிட்டர் ஒருவரிடம் காட்டுங்கள். இதற்கிடையில் யாரிடமிருந்தாவது வக்கீல் கடிதம் வந்தால், நீங்களே பதில் எழுத வேண்டாம், அதைப் பற்றி வீடியோவும் போட வேண்டாம். கடிதத்தில் பதிலுக்கு ஒரு தேதி போட்டிருக்கும். அந்தத் தேதிக்குள் கடிதத்தையும் எடுத்து வைத்த பிரதியையும் அப்படியொரு சொலிசிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.