மகள் மடாலயத்துக்குப் போகிறேன் என்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு இருபது வயது. பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கி உளவியல் படிக்கிறாள். வரும் விடுமுறையில் தைவானில் ஒரு புத்த மடாலயத்தில் ஒரு மாதம் தங்கிப் படிக்கப்போகிறாளாம். பல நாட்டு மாணவர்கள் வருவார்களாம். மொட்டை அடித்துவிடுவார்களோ, மதம் மாற்றிவிடுவார்களோ, அங்கேயே இருந்துவிடுகிறேன் என்பாளோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. போன வருடம் பரீட்சை சமயத்தில் படபடப்பு வந்து சில மாதம் மாத்திரை சாப்பிட்டாள், இப்போது சரியாகிவிட்டது. எட்டு மணிக்கு எழுப்பினாலே சண்டை போடுகிற பெண். நாங்கள் சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். என் கணவர், "போய்ப் பார்க்கட்டும் விடு" என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: சகோதரி, மொட்டையிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே. மாணவராகப் படிக்கப் போகிறவர்களுக்கு மொட்டை அடிப்பதில்லை. பின்னலோடு போய்ப் பின்னலோடு திரும்புவாள். ஆனால் 'தற்காலிகத் துறவு' என்று வேறொரு ஏற்பாடு தைவானிலும் தாய்லாந்திலும் உண்டு. அதில் சில நாளோ சில வாரமோ துறவியின் உடை உடுத்தி, துறவியாகவே வாழ்வார்கள். மகள் விண்ணப்பித்திருப்பது எதற்கு என்று படிவத்தை வாங்கி ஒருமுறை படித்துவிடுங்கள்.

அங்கேயே இருந்துவிடுவாளோ என்ற பயத்துக்கு ரொம்பப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. ஞானம் பெற்ற புத்தர் தன் சொந்த ஊரான கபிலவஸ்துவுக்கு வந்தபோது, மகன் ராகுலன் அவர் பின்னாலேயே போய், எனக்குச் சேரவேண்டிய சொத்தைக் கொடுங்கள் என்று கேட்டான். புத்தர் தன் சீடர் சாரிபுத்தரிடம் சொல்லிப் பையனுக்குத் துறவு கொடுக்க வைத்துவிட்டார். தாத்தா சுத்தோதனர் துடித்துப்போனார். நீ போனாய், உன் தம்பி நந்தன் போனான், இப்போது இவனும். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்புக்குள் மஜ்ஜை வரை போகும், பெற்றவர்கள் சம்மதிக்காமல் இனி எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். புத்தர் அதை விதியாகவே ஆக்கிவிட்டார். துறவிகளுக்கான விநய நூலில் இன்றும் அது இருக்கிறது. (ராகுலனின் அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம். அது வேறு கதை.)

மதம் மாற்றம் பற்றிச் சுருக்கமாக: புத்தர், தர்மம், சங்கம் (துறவிகள் கூட்டம்) மூன்றையும் சரணடையும் சடங்கு உண்டு, விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும். விடிகாலைப் பூஜையில் எல்லோரோடும் நின்று குனிந்து வணங்க வேண்டியிருக்கும். வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரும் மதுரைக்காரர்கள் இல்லையா? அவ்வளவுதான்.

இந்த மாதிரி வகுப்புகளுக்குத் தைவானில் பேர்பெற்ற இடம் காவ்சியோங் நகருக்கு வெளியே இருக்கும் ஃபோ குவாங் ஷான். 1967-இல் சிங் யுன் என்ற துறவி தொடங்கிய மடாலயம். அங்கே 2002-இல் யீ ஃபா என்ற பிக்குணி (பெண் துறவி), கல்லூரி மாணவர்களுக்காக ஒரு மாத வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். வகுப்புக்கு 'மர மீன்' என்று பெயர். சூத்திரம் ஓதும்போது தாளத்துக்குத் தட்டுகிற, மீன் வடிவில் குடைந்த மரக்கட்டைதான் அது. மீன் கண்ணை மூடுவதே இல்லை, நீயும் விழித்திரு என்று அர்த்தம். எட்டு மணிப் பெண்ணுக்கு இதைச் சொல்லிவையுங்கள். பின்னாளில் அந்த வகுப்பு சீனாவிலும் நடந்தது.

சில வருடங்களுக்கு முன் நானும் ஃபோ குவாங் ஷானில் விருந்தினராக நான்கு நாள் தங்கினேன். பிக்குணிகள் கை ஓங்கிய இடம் அது, நிர்வாகம் முதல் அடுப்படி வரை அவர்கள்தான். பெண்ணைத் தனியாக அனுப்பும் உங்களுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எனக்கு மறக்காதது சாப்பாட்டுக் கூடம். நீள நீள மேசைகள், நூற்றுக்கணக்கில் ஆட்கள், ஒரு பேச்சுக் கிடையாது. ஒரு கிண்ணத்தில் சோறு, இன்னொன்றில் சூப், நடுவில் காய்கறித் தட்டு. நாற்காலியின் முன்பாதியில் மட்டும் உட்கார்ந்து, கிண்ணத்தை வாயருகே தூக்கிச் சாப்பிட வேண்டும். நான் வழக்கப்படி, இலைக்குக் குனிவதுபோலக் கிண்ணத்துக்குக் குனிந்தேன். பின்னால் வந்த பிக்குணி ஒருவர் இரண்டு விரலால் என் முதுகைத் தொட்டு நிமிர்த்திவிட்டுப் போனார். இன்னும் சோறு வேண்டுமென்றால் வாய் திறக்கக் கூடாது. கிண்ணத்தை மேசை விளிம்புக்கு நகர்த்தி வைத்தால் பரிமாறுகிறவர் வந்து போடுவார். பந்தியில் இலையை மடக்கினால் போதும் என்று புரிந்துகொள்கிற நமக்கு இதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடும்!

மற்றபடி இருட்டோடு எழுந்திருக்க வேண்டும். அப்புறம் பூஜை, பாடம், தியானம், கூட்டிப் பெருக்குவது, பாத்திரம் கழுவுவது என்று பொழுது போய்விடும். இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பு. முதல் வாரம் அவளுக்கு உங்கள் மேலும் மடாலயத்தின் மேலும் கோபமாக வரும். வரட்டும்.

சரி, இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மொட்டைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரே வரியில் தாண்டிப்போனீர்களே, போன வருட மாத்திரை, நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.

இத்தகைய ஒரு மாத வகுப்புகளில் பெரும்பாலும் சில நாள், சிலவற்றில் முழுதாக ஏழு நாள், மௌன தியானம் இருக்கும். பேச்சு, போன், புத்தகம் எதுவும் இல்லை. ஒரு ஊதுபத்தி எரிந்து முடியும் நேரத்தை ஓர் அமர்வு என்று அங்கே கணக்கு வைப்பார்கள். உட்கார்ந்து எழுந்து, கூடத்தைச் சுற்றி வேகமாக நடந்து, மறுபடி உட்காருவது. ஒரு நாளில் இப்படிப் பல அமர்வுகள். பலருக்கு இது கால்வலியோடு போய்விடும். ஆனால் படபடப்பு வந்து போன ஒருவர் நாள் முழுக்கத் தன் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தால், நெஞ்சு இன்னும் இறுகிப்போவதும் உண்டு. தூக்கம் குறைவு, பேசவும் ஆள் இல்லை, ஊரும் புதிது. நிச்சயம் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆகலாம் என்று தெரிந்துகொண்டு போகவேண்டும்.

ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்னால், மாத்திரை கொடுத்த அதே டாக்டரிடம் மகளையே போகச் சொல்லுங்கள். "தியானத்துக்குப் போகலாமா" என்று மொட்டையாகக் கேட்டால் நல்லதுதானே என்பார். இத்தனை நாள் மௌனம், ஒரு நாளைக்கு இத்தனை மணி உட்கார வேண்டும், இவ்வளவுதான் தூக்கம் என்று விவரமாகச் சொல்லிக் கேட்கட்டும். மாத்திரை இன்னும் மிச்சமிருந்தால், மனசு தெளிந்துவிடும் என்று நம்பி அவளாக நிறுத்தக் கூடாது. மருந்துச் சீட்டோடு எடுத்துப் போகட்டும். விண்ணப்பத்தில் உடல்நலம் பற்றிய கேள்விக்கு உண்மையை எழுதட்டும். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று அவள் மறைக்கப் பார்ப்பாள். வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்குமே என்று நீங்களும் கூடச் சேர்ந்து மறைப்பீர்கள். நம் வீடுகளை எனக்குத் தெரியாதா! சர்க்கரை இருந்தால் எழுதுவோம் இல்லையா, இதையும் அப்படி எழுதுங்கள்.

நடத்துகிறவர்களுக்கு அவளே ஒரு மெயில் போட்டு, மௌன நாட்களில் முடியாமல் போனால் எழுந்து வெளியே வரலாமா, அப்போது யாரிடம் பேசுவது என்று கேட்கட்டும். ஒழுங்கான இடமாக இருந்தால் ஒருவர் பெயரைச் சொல்லிப் பதில் வரும். மனத்தை அடக்கினால் எல்லாம் சரியாகும் என்கிற மாதிரி உபதேசம் வந்தால் அனுப்பாதீர்கள். டாக்டர் இந்த வருடம் வேண்டாம் என்றால் அடுத்த வருடம் போகலாம், மடாலயம் எங்கேயும் ஓடிவிடாது. அதற்குள் ஆசை அடங்காவிட்டால் கொரியாவில் ஒரு ராத்திரி மட்டும் கோயிலில் தங்கும் ஏற்பாடு இருக்கிறது. 2002 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு வந்த வெளிநாட்டவர்களுக்காகத் தொடங்கியது. முதலில் அங்கே போய் வரட்டும்.

டாக்டர் சரி என்றால் தடுக்காதீர்கள், உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. போனை வாங்கி வைத்தால் என்றைக்குத் திருப்பித் தருவார்கள் என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் மடாலய அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "சாப்பிட்டாளா" என்று கேட்கக் கூடாது. அவசரத்துக்கு மட்டும் ஒரு எண் வாங்கிவையுங்கள். விசாவுக்குத் தைவான் தூதரகத்தைத் தேடி அலைய வேண்டாம், இரு நாட்டுக்கும் தூதரக உறவு இல்லை. அந்த வேலையைச் செய்யும் தைபே பொருளாதார, கலாச்சார மையம் 2012-லிருந்து சென்னையிலேயே இருக்கிறது. கோடையில் தைவானில் புழுக்கமும் புயலும் சேர்ந்து வரும், பருத்தித் துணியும் குடையும் எடுத்துப் போகட்டும்.

சாப்பாட்டுக்கா கவலை? அவர்கள் உங்களைவிடச் சைவம். வெங்காயமும் பூண்டும் கூட அடுப்படிக்குள் வராது. விலக்கவேண்டிய ஐந்தில் நம் பெருங்காயமும் ஒன்று என்று அவர்களுடைய பழைய பட்டியலில் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கே 'மருந்துக் கல்' என்று பெயர். மதியத்துக்குப் பிறகு துறவிகள் சாப்பிடக் கூடாது என்பது பழைய விதி, அதனால் பசி என்ற நோய்க்கு மருந்து என்று சொல்லிச் சாப்பிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சமாளிப்பு அது.

நான் வேண்டாம் என்றாலும் பெட்டியில் ஒரு டப்பா பருப்புப் பொடி வைக்கத்தான் போகிறீர்கள். பூண்டும் பெருங்காயமும் போடாமல் இடித்துக் கொடுங்கள்.