வயிற்று நீரில் தொற்று: ஸ்ட்ரிப்பில் நிறம் மாறாவிட்டால் நிம்மதி அடையலாமா?

கேள்வி: என் அப்பாவுக்குக் கல்லீரல் சிரோசிஸ். வயிற்றில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். நேற்றிலிருந்து லேசான காய்ச்சல், பேச்சிலும் தடுமாற்றம். இன்று வயிற்றிலிருந்து ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்து, சிறுநீர் பார்க்கும் ஸ்ட்ரிப்பைக் கட்டிலருகிலேயே அதில் நனைத்துப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. மீதி நீரை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். தொற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? ரத்தம் உறைவது குறைவு என்று ஏற்கெனவே சொன்னார்களே, ஊசி குத்தியது சரிதானா?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்ட்ரிப்பில் நிறம் மாறினால் நம்பலாம்; மாறாவிட்டால், நீரில் உள்ள வெள்ளணுக்களை ஆய்வகத்தில் எண்ணிய எண்ணிக்கை வரும்வரை தொற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த ஸ்ட்ரிப் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியோடு போராட வரும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களுக்குள் எஸ்டரேஸ் நொதி இருக்கிறது. அது பட்டதும் ஸ்ட்ரிப்பில் உள்ள வேதிப்பொருள் ஊதாவாகிறது. ஒரு கன மில்லிமீட்டர் வயிற்று நீரில் நியூட்ரோபில் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று என்று கொண்டு சிகிச்சையைத் தொடங்க வேண்டும். அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நிறம் பளிச்சென்று தெரியும். 300, 400 என்று இருக்கும்போது மங்கலாகத்தான் வரும். ஒருவர் கண்ணுக்கு 'இருக்கிறது', இன்னொருவர் கண்ணுக்கு 'இல்லை'. நோய் ஆரம்பத்தில் இருக்கும் அந்தக் கட்டத்தில்தான் அதைப் பிடித்தாக வேண்டும். பிரான்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், தொற்று இருந்த மாதிரிகளில் சுமார் 45 சதவீதத்தை மட்டுமே சிறுநீர் ஸ்ட்ரிப் கண்டுபிடித்தது. வயிற்று நீருக்கென்றே தயாரித்த ஸ்ட்ரிப்கள் இதைவிட நன்றாகப் பிடிக்கின்றன. ஆனால் உங்கள் அப்பாவுக்குப் பயன்படுத்தியது அது இல்லை.

செய்யும் முறையிலும் பிழை வரும். டப்பாவைத் திறந்தே வைத்திருந்தால் ஈரம் பட்டு ஸ்ட்ரிப் கெட்டுவிடும். நனைத்தவுடன் எடுத்துவிட வேண்டும். நீரிலேயே விட்டால் ஸ்ட்ரிப்பில் உள்ள வேதிப்பொருள் கரைந்து போகும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தில், பெரும்பாலும் 2 நிமிடத்தில், நல்ல வெளிச்சத்தில் படிக்க வேண்டும். நீர் ரத்தம் கலந்தோ பால் போலவோ கரும்மஞ்சளாகவோ இருந்தால் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

நீரை ஆய்வகத்துக்கு அனுப்பியது மிகச் சரி. எண்ணிக்கைக்கு, உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் கொஞ்சம். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தக் கல்ச்சர் பாட்டில்களில் 10 மில்லி வீதம், கட்டிலருகிலேயே, ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்பே. வெறும் குழாயில் கொண்டுபோய் ஆய்வகத்தில் ஊற்றினால் கிருமி வளரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. கல்ச்சரில் எதுவும் வளராவிட்டாலும் எண்ணிக்கை 250ஐத் தொட்டிருந்தால் சிகிச்சை உண்டு.

இப்போது உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. காய்ச்சலும் பேச்சுத் தடுமாற்றமும் சேர்ந்து இருக்கின்றன. சிரோசிஸ் உள்ளவருக்கு மூளை குழம்புவதற்குத் தொற்று ஒரு முக்கியக் காரணம். வயிற்று வலி இல்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள். இந்தத் தொற்று வலியே இல்லாமலும் வரும். எண்ணிக்கை இன்னும் வரவில்லை என்றால் இன்றே மருத்துவரிடம் கேளுங்கள்: "கல்ச்சர் எடுத்தாயிற்றா? எண்ணிக்கை எப்போது வரும்? அதற்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்கலாமா?" இந்த நிலையில் கல்ச்சருக்கு எடுத்த கையோடு மருந்தைத் தொடங்குவதே என் கருத்தில் பாதுகாப்பானது.

தொற்று உறுதியானால் பொதுவாக செஃபோடாக்சிம் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. மருத்துவமனையிலேயே பிடித்த தொற்று என்றால் வலுவான வேறு மருந்து தேவைப்படலாம். கூடவே ரத்தத்தில் உள்ள புரதமான ஆல்புமினை ஏற்ற வேண்டும்: முதல் நாள் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு 90 கிராமும் 60 கிராமும். இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்பெயினில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஆல்புமினும் பெற்றவர்களில் அது 10 சதவீதம். நிறைய ஏற்றும்போது மூச்சிரைப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். 48 மணி நேரம் கழித்து மறுபடி நீர் எடுத்து எண்ணுவார்கள். எண்ணிக்கை கால் பங்குகூடக் குறையவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை, அல்லது குடலில் ஓட்டை போன்ற வேறு காரணம் இருக்கிறது.

ஊசி குத்தியது சரிதான். சிரோசிஸில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) கூடுதலாக இருப்பது, ஊசி குத்தினால் ரத்தம் நிற்காது என்பதற்கான அளவுகோல் அல்ல. இந்தச் சோதனையில் பெரிய ரத்தக்கசிவு 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. அதற்காக முன்கூட்டியே பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றுவதும் வழக்கமாகத் தேவையில்லை. தாமதிப்பதுதான் ஆபத்து. மருத்துவமனையில் சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் நீர் எடுக்காமல் விட்டால் உயிரிழப்பு அதிகமாகிறது.

வலிக்கோ காய்ச்சலுக்கோ ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து எழுதி வையுங்கள், குறைந்தால் செவிலியரிடம் காட்டுங்கள். வீடு திரும்பும் முன், தொற்று மீண்டும் வராமல் தினமும் சாப்பிட மாத்திரை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முறை இந்தத் தொற்று வந்தவர்களுக்கு ஓராண்டுக்குள் திரும்ப வருவது மிகவும் சாதாரணம்.