சென்னையிலிருந்து போய்ப் படகில் கடல் குகை பார்க்க எங்கே போகலாம்? நீச்சல் தெரியாதவர்களுக்குச் சரிப்படுமா?

கேட்டவர் சென்னைக்காரர். கூடவே வயதான அப்பா வருகிறார், நீச்சல் தெரியாது, படகில் போய்க் குகைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. கிட்டத்தட்ட என் கதையேதான். நான் ராயபுரம், என் அப்பாவுக்கு 68 வயது, கடலுக்கு அரை கிலோமீட்டரில் வளர்ந்தும் எனக்கு நீச்சல் வராது. அதனால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது.

முதலில் கெட்ட செய்தி. சென்னைக்குப் பக்கத்தில் கடல் குகை கிடையாது. தேடினால் மாமல்லபுரமும் சாளுவன்குப்பத்துப் புலிக்குகையும் வரும். இரண்டும் அருமையான இடங்கள், ஆனால் உளியால் குடைந்தவை. அங்கே போகப் படகு வேண்டாம், ஈசிஆர் பஸ் போதும். கடல் தானாகக் குகை குடைய வேண்டுமென்றால், அலை வந்து அடிக்கும் இடத்தில் செங்குத்தான பாறை நிற்க வேண்டும், அந்தப் பாறையில் விரிசலும் இருக்க வேண்டும். மெரினாவிலிருந்து தெற்கே நமக்கு இருப்பது பெரும்பாலும் மணல். மணலைக் குடைவது நண்டு மட்டும்தான். படகு மட்டும் போதுமென்றால் முட்டுக்காடு இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் பிச்சாவரம் போய்ச் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில் சுற்றலாம். கிளைகள் தலைக்கு மேல் கூடும் இடத்தில் பாதி குகை மாதிரிதான் இருக்கும்.

பாஸ்போர்ட் இல்லாமல் போக வேண்டுமென்றால் அந்தமானில் பாராடாங். போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) சென்னையிலிருந்து நேர் விமானம் உண்டு. விடியற்காலையில் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் மற்ற வண்டிகளோடு வரிசையில் நின்று, ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுப் பகுதியைக் கடக்க வேண்டும். வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. அப்புறம் படகில் அலையாத்திக் காட்டு ஓடை, கடைசியில் நடை, அதன்பின் சுண்ணாம்புக்கல் குகை. படகுப் பயணம் அழகு. ஆனால் படகு குகைக்குள் போகாது, நாம் நடந்துதான் போக வேண்டும். நீங்கள் கேட்டது அது இல்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்பது தாய்லாந்தின் மேற்குக் கரையில், புக்கெட்டுக்குப் பக்கத்தில் பாங்ஙா விரிகுடாவில் இருக்கிறது. அரிச்சுவடியோடு நாம் மறந்துவிட்ட 'ங' வரிசைக்கு அங்கே ஒரு மாகாணமே இருக்கிறது, அந்தச் சந்தோஷம் எனக்கு. நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரும் இல்லை. அதே மாகாணத்தில் தகுவாபா என்ற இடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்று பெயரிட்ட ஒரு குளத்தையும், அதைக் காக்கும் மணிக்கிராமத்து வணிகர்களையும் அது சொல்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். விமானத்தில் இதைப் படித்துச் சொன்னபோது அப்பா, "அப்போ நம்மாளு குளம் வெட்டிட்டுப் போயிருக்கான், நாம குகை பாக்கப் போறோம்" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இரண்டு முறை படகேற வேண்டியிருந்தது. முதல் முறை குகை பார்க்கவில்லை.

அப்பா துறைமுகத்தில் டக் படகில், அதாவது கப்பலை இழுக்கும் படகில், எஞ்சின் டிரைவராக இருந்தவர். முப்பது வருடம். நாங்கள் போய் இறங்கியது தைப்பூசத்தன்று. மாலையில் தங்கியிருந்த தெருவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஏஜென்டிடம் மறுநாளைக்கு டிக்கெட் எடுத்தோம். நான்கு தீவு, மூன்று குகை, மதியச் சாப்பாடு என்று வழவழப்பான அட்டையில் போட்டிருந்தது. நான் விலை பேசிக்கொண்டிருந்தேன். அப்பா அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நாளைக்கு லோ வாட்டர், அதாவது கடல் வற்றும் நேரம், எத்தனை மணிக்கு? அவன் சிரித்தபடியே "நோ பிராப்ளம், நோ பிராப்ளம்" என்றான். அப்பா என்னைப் பார்த்தார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பதினொன்றுக்குக் குகைப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய படகை நிறுத்தி, கனோ என்னும் காற்றடித்த சின்னத் துடுப்புப் படகுகளை இறக்கினார்கள். குகை வாய் இருக்க வேண்டிய இடத்தில் பாறைக்கடியில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் தெரிந்தது, ஒரு சாண் உயரம் இருக்கும். தண்ணீர் கொஞ்சம் இறங்கும்போதெல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளிருந்து 'களக்' என்று காற்று வெளியே வந்தது. குகை உள்ளேதான் இருந்தது, கதவு தண்ணீருக்கடியில் இருந்தது.

"நேத்து பூசம்மா. பௌர்ணமிக்கு மறுநாள் ஏத்தம் பெருசா இருக்கும்னு இவனுங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்திருக்கான்" என்றார் அப்பா.

துடுப்பு போட்டவர் பாவம், கூலிக்காரர், அவரைச் சொல்லி என்ன. பாறையை வெளிப்பக்கமாக ஒரு சுற்று சுற்றிக் காட்டி, "கேவ், கேவ்" என்று கையைக் காட்டினார். பத்து நிமிடம், முடிந்தது. பிறகு ஜேம்ஸ் பாண்ட் தீவு என்று எல்லோரும் சொல்லும் இடத்துக்குப் போனோம். கடலுக்குள் ஆணி அடித்ததுபோல் நிற்கும் தாப்பு என்ற பாறை, அடியில் சிறுத்து மேலே பருத்து இருக்கிறது. 1998 முதல் அதை ஒட்டிப் படகு விட அனுமதி இல்லை. கரையில் திருவிழாக் கூட்டம், அதைப் பற்றி எழுத வேறெதுவும் இல்லை. திரும்பி வந்து பணம் கேட்டேன். குகை "பார்த்தீர்களே" என்றார்கள். போனது போனதுதான்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு பிரச்சினை இருக்கிறது. நமக்கு அலை தெரியும், ஓதம் தெரியாது. சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்கும் வித்தியாசம் பெரிய நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவுதான். அதையும் மெரினா அலை மறைத்துவிடும். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது இரண்டு மீட்டரைத் தாண்டும். ஆள் உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் ஏறும், அடுத்த ஆறு மணி நேரத்தில் வற்றும். குகை வாய் திறப்பதும் மூடுவதும் அதைப் பொறுத்தே. ரொம்ப ஏறினால் வாய் மூழ்கிவிடும், ரொம்ப வற்றினால் கனோ சேற்றில் தட்டும். நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் குகையின் பார்வை நேரம்.

அன்று ராத்திரி அப்பா போனில் புக்கெட்டின் ஓத நேரத்தைத் தேடச் சொன்னார். தமிழ் தேதி காலண்டரும் மனதில் இருந்தது அவருக்கு. ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் நாளைக்கு மதியத்துக்கு மேல் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும் என்றார். மதியம் கிளம்பும் படகாகத் தேடி எடுத்தோம். காலைப் படகைவிட விலை கூடுதல். ஆனால் அந்த நிறுவனத்தின் ஆள், நாங்கள் கேட்கும் முன்பே அன்றைய நீர்மட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்பா முகத்தில் ஒரு திருப்தி.

அந்தப் படகின் முன் கொம்பில் கலர் கலராகத் துணியும் பூமாலையும் கட்டியிருந்தது. மே யா நாங் என்று படகைக் காக்கும் தாய்க்குச் செய்யும் மரியாதையாம். காசிமேட்டில் விசைப்படகின் முகப்பில் மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் கட்டுவார்களே, அதேதான். அப்பா போய் அந்தக் கொம்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மூன்று மணி வாக்கில் ஒரு பாறைக்குப் போனோம். இப்போது வாய் திறந்திருந்தது. ஆனால் முழுசாக இல்லை, தண்ணீருக்கும் கூரைக்கும் நடுவே இரண்டடி இருந்தால் அதிகம். கனோவில் நானும் அப்பாவும், பின்னால் துடுப்புக்காரர். அவர் எங்களை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். பிறகு கனோவின் மூடியைத் திருகி 'புஸ்'ஸென்று கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார். படகு இரண்டு விரல்கடை தாழ்ந்தது. துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கூரையைக் கையால் தள்ளித் தள்ளியே எங்களை நகர்த்திக்கொண்டு போனார்.

என் மூக்குக்கு நேர் மேலே பாறை. அதில் சிப்பிகள் ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றும் உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி. ஈரச் சுண்ணாம்பு வாசனையும், கொஞ்சம் உள்ளே போனதும் வௌவால் வாசனையும். பழைய கோயில் மண்டபத்தில் அடிக்குமே, அந்த வாசனை. டார்ச் வெளிச்சத்தில் ஒரு நொடி பாறை மினுங்கும், அடுத்த நொடி கும்மிருட்டு. பயமாக இருந்ததா? இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன், அப்பாவின் செருப்பைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணும் இல்லம்மா, தண்ணி எறங்கிட்டுதான் இருக்கு" என்று இருட்டில் குரல் வந்தது. அந்த ஒரு வாக்கியம் லைஃப் ஜாக்கெட்டைவிடத் தைரியம் கொடுத்தது. தண்ணீர் ஏறுகிற நேரத்தில் அதே இடத்தில் படுத்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

சில நிமிடத்தில் மூடிய இமைக்குள் வெளிச்சம். எழுந்து உட்கார்ந்தால், நாங்கள் மலைக்கு நடுவில் இருந்தோம். சுற்றிலும் செங்குத்தான சுவர், மேலே வட்டமாக வானம், கீழே அசையாத பச்சைத் தண்ணீர். ஓரத்தில் அலையாத்தி மரங்கள், சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீன்கள். பெரிய கிணற்றுக்கு அடியில் தோட்டம் போட்ட மாதிரி. இதை ஹோங் என்கிறார்கள், தாய் மொழியில் அறை என்று பொருள். துடுப்புக்காரர் உதட்டில் விரலை வைத்தார். சுவரில் எங்கோ தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அப்பா வாய் திறக்கவே இல்லை, அதுவே ஒரு அதிசயம்.

இதைக் கடல் குகை என்று சொன்னாலும், கடல் தனியாகக் குடைந்தது இல்லை. மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டைஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, விரிசல் வழியே இறங்கிக் கல்லைக் கரைத்துப் பொந்தாக்கியது. கூரை இடிந்து விழுந்த இடங்கள்தான் இப்போது வானம் தெரியும் அறைகள். பனியுகத்தில் கடல் மட்டம் இப்போதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இந்த விரிகுடா வெறும் நிலம், இவை நிலத்தில் நின்ற குன்றுகள். பனி உருகிக் கடல் ஏறி வந்தபோது, மழை போட்டு வைத்திருந்த வாசல்களுக்குள் புகுந்துகொண்டது. அது வந்த பிறகு பாறையின் அடியைச் சுற்றி அரித்துக்கொண்டிருக்கிறது. தாப்பு பாறையின் இடுப்பு சிறுத்திருப்பதும் இதனால்தான்.

உங்கள் மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். நீச்சல் தெரியாதது பிரச்சினையே இல்லை. துடுப்பு அவர்கள் கையில், லைஃப் ஜாக்கெட் நம் மேல். அடைசலான இருட்டு ஆகாது என்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். லிஃப்ட் நின்றாலே மூச்சு முட்டுகிறவராக இருந்தால் வெளியிலேயே இருந்துவிடலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால், படகிலிருந்து கனோவுக்கு இறங்குவதுதான் கஷ்டம், குகை கஷ்டம் இல்லை. இறங்க ஏணி இருக்கிறதா, தாழ்வான மேடை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஸ்பீட் போட்டில் போகும் பீ பீ தீவுப் பயணத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது திறந்த கடல், முதுகுத்தண்டைப் பதம் பார்க்கும். பாங்ஙா விரிகுடாவை புக்கெட் தீவே மறைத்து நிற்பதால் தண்ணீர் பெரும்பாலும் அமைதி. வாந்தி வரும் உடம்பென்றால் உங்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

கை, முழங்கையை கனோவுக்கு வெளியே விடவே கூடாது. அப்பா ஒரே ஒரு முறை விட்டார், சிப்பி கீறியது ஆறப் பத்து நாள் ஆனது. போனுக்குக் கழுத்தில் மாட்டும் நீர்புகாப் பை வாங்குங்கள், தி.நகர் பிளாட்பாரத்திலேயே கிடைக்கும். சைவமென்றால் "ஜே" என்று சொல்லிப் பாருங்கள். "வெஜ்" என்று சொன்னால் மீன் சாறு ஊற்றிய காய்கறி வந்து சேரும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதுகூட அந்தக் கரையில் வெயில் அடிக்கும்.

ஏஜென்டிடம் எத்தனை குகை, என்ன சாப்பாடு என்றெல்லாம் கேட்காதீர்கள். அன்றைக்குக் குகை வாய் எத்தனை மணிக்குத் திறந்திருக்கும், உள்ளே போக முடியாவிட்டால் பணம் திரும்ப வருமா என்று மட்டும் கேளுங்கள். "நோ பிராப்ளம்" என்று பதில் வந்தால் அடுத்த மேசைக்கு நடையைக் கட்டுங்கள்.

எந்த மாதம், எந்தத் தேதி என்று கீழே எழுதுங்கள். அப்பா இப்போதெல்லாம் வீட்டில் சும்மாதான் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.