பேய் இல்லாமல் அநாதை இல்லத் திகில் நாவல் எழுத முடியுமா?

கேள்வி: கன்னியாஸ்திரிகள் நடத்தும் அநாதை இல்லத்தை வைத்து ஒரு திகில் நாவல் எழுதுகிறேன். பேய் இல்லாமல் வாசகரைப் பயமுறுத்த முடியுமா?

தாராளமாக முடியும். நீங்கள் இல்லத்தில் வளர்ந்தவர் இல்லை என்று நினைக்கிறேன். நான் வளர்ந்தவள்.

முதலில் அயர்லாந்தின் டூவம் ஊரைப் பற்றிப் படியுங்கள். மணமாகாத தாய்மார்களுக்கும் அவர்களின் குழந்தைகளுக்குமாக 1925 முதல் 1961 வரை அங்கே கன்னியாஸ்திரிகள் ஓர் இல்லம் நடத்தினார்கள். அதே ஊர்க்காரரான கேத்தரின் கார்லெஸ் இறப்புப் பதிவுகளைத் தேடி எடுத்தபோது 796 குழந்தைகளின் பெயர் கிடைத்தது. தட்டம்மை, வயிற்றுப்போக்கு, நிமோனியா என்று காரணம் எழுதியிருந்தது. புதைத்த இடத்துக்கு மட்டும் பதிவு இல்லை. கழிவுநீருக்காகக் கட்டியதாகக் கருதப்படும் நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் ஏராளமாகக் கிடப்பதை 2017இல் விசாரணை ஆணையம் உறுதி செய்தது. முழு அகழ்வு 2025 ஜூலையில்தான் தொடங்கியது.

என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். அந்த இல்லத்துப் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்குத்தான் வருவார்கள். தாமதமாக வந்து, முன்பாகவே கிளம்பிவிட வேண்டும்; மற்றவர்களோடு கலக்கக் கூடாது. சிறுமியாக இருந்த கார்லெஸ், வெறும் மிட்டாய்க் காகிதத்தை உள்ளே மிட்டாய் இருப்பதுபோல் மடித்து, அவர்களில் ஒருத்தியிடம் நீட்டினாராம். அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. ஆறாம் வகுப்பில் எவளோ ஒருத்தியின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. டீச்சர் நேராக, "ஹோம் பிள்ளைங்க எல்லாம் பையைக் கொட்டுங்க" என்றார். எங்கள் நாலு பேர் பை மட்டும். பாதிப் பென்சில், கந்தல் நோட்டு, மத்தியானத்துக்கு ஒளித்து வைத்திருந்த வெல்லத்துண்டு எல்லாம் பெஞ்சில் விழுந்தன. பாக்ஸ் அவள் வீட்டிலேயே இருந்ததாம். மறுநாள் எங்கள் சிஸ்டர் பள்ளிக்கு வந்து, தலைமையாசிரியர் அறையிலிருந்து வகுப்பு வரை கேட்கும்படி சண்டை போட்டார். இன்றைக்கும் எனக்கு அம்மா என்றால் அவர்தான்.

அதனால் நான் சிஸ்டர்களுக்கு எதிரி என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். டூவமில் நடந்ததை மூடி மறைக்கவும் நான் ஆளில்லை. ஆனால் அங்கே கட்டடம் கவுன்சிலுடையது (அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றம்), செலவுக்குப் பணம் கொடுத்ததும் கவுன்சில். சாவுகளைப் பதிந்தது அரசு. வெளியே ஊர் முழுக்க மனிதர்கள் இருந்தார்கள். உங்கள் நாவலில் கொடூரமான ஒரு சிஸ்டரை மட்டும் உட்கார வைத்தால் மற்ற எல்லாரும் தப்பித்துவிடுவார்கள். மதிலுக்கு வெளியே இருப்பவர்களை எழுதுங்கள். வாசகர் அங்கேதான் பயப்படுவார், ஏனென்றால் அவரும் வெளியேதான் நிற்கிறார்.

அப்புறம் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாளுக்கு இல்லத்தில் பிரியாணி போடுகிறவர்களே, சாப்பாட்டுக்கு நன்றி. பிள்ளைகளைத் தட்டோடு நிற்க வைத்துப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவே சொல்கிறது. கேமரா சரியாகும் வரை சோற்றில் கை வைக்காமல் நின்றிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. வேண்டுமானால் அதையும் நாவலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.