பேயும் அலையும் சேர்ந்த நாவலா? அண்ணாச்சியிடம் கேளுங்கள்

அலைச்சறுக்குப் பைத்தியம் பிடித்த பதினாறு வயதுப் பையன், அவனைக் கூப்பிடும் ஒரு ஆவி என்று வருகிற இளைஞர் நாவல்களை விடாமல் படிக்கிறவன் நான். உவரிப் பக்கம்தான் ஊர், மணப்பாட்டில் பலகையில் ஏறி விழுந்து விழுந்து கொஞ்சம் கற்றுக்கொண்டேன். வந்த கேள்விகளில் சில.

வள்ளியூர் பிளஸ் டூ மாணவி: இது வெள்ளைக்காரன் விளையாட்டு, நம்ம பேய் அதில் ஒட்டுமா அண்ணாச்சி?

வெள்ளைக்காரன் விளையாட்டே இல்லை பாப்பா, ஹவாய்த் தீவுக்காரர்களுடையது. அங்கே ராத்திரியில் செத்துப்போன வீரர்கள் முரசும் சங்குமாக ஊர்வலம் போவார்கள், எதிர்ப்பட்டால் நிமிராமல் தரையில் குப்புறப் படுத்துவிட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கோயில் கொடைத் திருவிழா அன்று நடுச்சாமத்தில் சுடலைமாடன் மயான வேட்டைக்குப் போகும்போது எதிரே போகக் கூடாது என்று நம்ம வீட்டில் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைப்பார்களே, அதே பயம்தான். தாராளமாக ஒட்டும்.

ராதாபுரம் தம்பி: என் கதையில் பேய் காலைப் பிடித்துக் கடலுக்கு அடியில் இழுக்கிறது. சரியா?

கடல் தெரிந்தவன் அந்தப் பக்கத்தோடு மூடி வைத்துவிடுவான். கடல் நீரோட்டத்தின் இழுப்பு ஆளை அடிக்குக் கொண்டுபோகாது, கரையை விட்டு வெளியே கொண்டுபோகும். அதை எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் முழுகுகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் வெளியே வந்துவிடலாம். உன் பையனுக்கு இது நன்றாகத் தெரியட்டும், தெரிந்தும் திரும்பாமல் இருக்கட்டும், எனக்கு அதுதான் குலை நடுங்கும். காலை இழுத்தே ஆக வேண்டும் என்றால் லீஷ் இருக்கிறதே, கணுக்காலையும் பலகையையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு. நாம் தண்ணீருக்குள் புரண்டுகொண்டிருக்க, அலை பலகையை அடித்துக்கொண்டு போகும்போது அது வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுக்கும். முதல் தடவை யாரோ பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்து வாய் நிறைய உப்புத்தண்ணீர் குடித்தேன்.

திசையன்விளை வாசகர்: நம்ம கடலில் அமானுஷ்யமாக ஏதாவது?

கள்ளக்கடல் போதாதா? காற்று இல்லை, மழை இல்லை, வானம் பளிச்சென்று இருக்கும், திடீரென்று கடல் ஏறி வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து உடைகிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் செத்துப்போனது அந்தக் கடலில்தான். அதனால் அதை வெறும் திகிலுக்காக எழுதாதீர்கள்.

பாளையங்கோட்டை அம்மா ஒருவர்: என் மகன் இந்த மாதிரி ஒரு நாவல் படித்ததிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் அலை வீடியோவே பார்க்கிறான். புத்தகத்தைப் பிடுங்கிவிடவா?

வேண்டாம் அக்கா, பிடுங்கினால் இன்னும் பிடிக்கும். என் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டின் பின்பக்கம் பூராவும் அலைதான், மார்க் 41. முதலில் அவனுக்கு நீச்சல் தெரியுமா என்று பாருங்கள். தெரிந்தால் கற்றுக்கொடுக்கிறவரோடு ஒருநாள் கடலில் இறக்கிவிடுங்கள். பத்துத் தடவை விழுந்து மூக்கில் தண்ணீர் ஏறினால் ஆசையா வெறியா என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

ராதாபுரம் தம்பி மறுபடியும்: பேய் பிடித்த பையனை எங்கே கொண்டுபோவார்கள்?

உவரி அந்தோணியார் கோயிலுக்கு. எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். போய்ப் பார், ஆனால் அங்கே தலைவிரித்து அழுகிறவர்கள் முன்னால் போனை நீட்டிவிடாதே.