குழாயில் தண்ணீர் வந்தாலும் ராத்திரி குடங்களை நிரப்பி வைப்போம்

"உங்கள் வீட்டில் தினமும் விடாமல் நடக்கிற, வெளியாட்களுக்குப் புரியாத பழக்கம் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ராத்திரி படுக்கப் போவதற்கு முன் ஒரு அண்டா, மூன்று குடம், பாத்ரூமில் இரண்டு வாளி, எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து மூடி வைத்தாக வேண்டும். மாடியில் சின்டெக்ஸ் தொட்டி நிறைந்திருந்தாலும் சரி, வெளியே மழை கொட்டினாலும் சரி.

இது அம்மாவிடமிருந்து வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் சென்னை மேற்கு மாம்பலத்தில் ஐந்து குடித்தனம் இருந்த வீட்டில் வாடகைக்கு இருந்தோம், எல்லோருக்கும் சேர்த்து வாசலில் ஒரே அடிபம்பு. மெட்ரோ தண்ணீர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர், ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வரும், எத்தனை மணிக்கு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அம்மா மூன்றரைக்கே எழுந்து போய் இரண்டு தடவை அடித்துப் பார்ப்பார். வெறும் காற்று என்றால் கைப்பிடி லேசாக ஆடும், தண்ணீர் ஏறினால் கனக்கும், அந்தக் கனம் கையில் பட்டதுமே "வந்துடுச்சு, எழுந்திருங்கடா" என்று குரல் கொடுப்பார். குடத்தின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி வடிகட்டிப் பிடிப்போம். முதலில் குடிக்க, அப்புறம் சமைக்க, புழங்குவதற்கு எல்லாம் கடைசியில்தான். பின்கட்டில் தனியாக இருந்த பாட்டிக்கு இரண்டு குடம் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் எங்கள் குடத்தையே அம்மா வைப்பார்.

2003-04 பஞ்சத்தில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீரே நின்றுபோய் லாரி மட்டும்தான் வந்தது. அந்தச் சமயத்தில்தான் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டுச் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பும் கட்டாயமானது. நிலைமை மாறியது, அம்மா மாறவில்லை.

என் மனைவிக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர். கல்யாணமாகி வந்த புதிதில் "ஏங்க, குழாயைத் திறந்தா தண்ணி வருது, அத்தை எதுக்கு இத்தனையையும் ரொப்பி வைக்கிறாங்க" என்று கேட்பார், காலையில் அதையெல்லாம் கொட்டிக் கழுவும் வேலையில் அவருக்குக் கோபம்கூட வரும். 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் கிட்டத்தட்ட வறண்டுபோயின. எங்கள் போர்வெல் மண்ணும் தண்ணீருமாகக் கக்கிவிட்டு ஒருநாள் நின்றது. லாரிக்குப் பதிவு செய்தால் வர வாரக்கணக்கில் ஆனது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்ததை டிவியில் காட்டியபோது மனைவி அடுப்படியை விட்டு வந்து நின்றுகொண்டே பார்த்தார். அன்று ராத்திரி குடங்களை அவரே நிரப்பினார், இன்றுவரை அது அவர் கையில்தான் இருக்கிறது.

அந்தத் தட்டுப்பாட்டில் வந்த பழக்கங்கள் சில இன்னும் நிற்கின்றன. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, வாஷிங் மெஷினின் கடைசி அலசல் தண்ணீர் கழிவறைக்கு, குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுவது வீடு துடைக்க. வீட்டு ஆர்ஓ பலவற்றில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் சும்மா சாக்கடைக்குப் போகிறது, அதற்கு ஒரு வாளி வைக்காத வீட்டைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படும்.

நீங்களும் பிடித்து வைப்பவர் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். மூடாமல் வைக்காதீர்கள். டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அந்த முட்டை பாத்திரத்தின் உள்பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரைக் கொட்டினாலும் போகாது. என் தம்பி டெங்குவில் பத்து நாள் படுத்த பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்டாவைக் கவிழ்த்துத் தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பது என் வேலை.

அம்மாவுக்கு இப்போது மூட்டு வலி, குடம் தூக்க முடியாது. படுக்கப் போகும்போது அடுக்களைக்கு வந்து ஒவ்வொரு மூடியையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்.